சூரன் பக்கத்து ஆள்

ஐம்பது தாண்டிய ஆம்பிளை எதையெதை ஒளித்துப் பார்க்க வேண்டும் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் ரெஸ்லிங் இல்லை. நான் அதைத்தான் ஒளித்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் படித்து வெளியே போய்விட்டார்கள். கோயில் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தால் நாலு பேர் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஆள் இரவு பத்து மணிக்குப் பிறகு போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எண்ணெய் பூசிய இரண்டு அமெரிக்கர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் யார் மதிப்பார்கள்?

"இஞ்சாருங்கோ, உது முழுக்க நடிப்பெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆர் வெல்லுறதெண்டு முதலே எழுதி வைச்சிட்டுத்தானே ஏறுறாங்கள்?" என்பார் மனைவி.

"நீர் சூரன்போருக்குப் போகேக்கை ஆர் வெல்லுவார் எண்டு தெரியாமலே போறனீர்?" என்று கேட்பேன்.

அவருக்குக் கோபம் வந்துவிடும். சாமி காரியத்தையும் உந்தக் கூத்தையும் ஒன்றாக வைத்துக் கதைக்கக் கூடாது என்று எழும்பிப் போய்விடுவார். நான் பகிடிக்குக் கேட்பதில்லை. என் அப்பா நடிகமணி வி.வி.வைரமுத்துவின் மயான காண்டத்தை எங்கெங்கோ சைக்கிளில் போய்ப் பார்த்தவர். சந்திரமதியின் தலை விழாது என்பது அவருக்கு முதல் இரவே தெரியும். என்றாலும் அடுத்த கோயிலில் அதே நாடகம் என்றால் பாயோடு புறப்படுவார். முடிவு தெரிந்த ஒன்றுக்குச் சனம் ஏன் கூடுகிறது, யாரை நம்பிக் கூடுகிறது என்ற கேள்வி என்னை விட்டுப் போனதே இல்லை. அதற்கு எனக்குக் கிடைத்த பதில் என் பிழைப்பையும் மாற்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரெஸ்லிங் பழக்கம் தொடங்கியது நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட இருந்த ஒரு வீடியோக் கடையில். எண்பதுகளின் கடைசியில் அங்கே வேலைக்கு நின்றேன். ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுக்கிற வீட்டுக்கு அவற்றைக் கொண்டுபோய்ப் பூட்டி, விடிய விடியப் படம் ஓட்டி, காலையில் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. கரண்ட் இல்லாத இரவென்றால் ஜெனரேற்றரும் கூட வரும். ஓர் இரவுக்கு மூன்று படம். எதை முதலில் போடுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பதை முதலாளி என்னிடம் விட்டிருந்தார். எம்.ஜி.ஆர் படத்தைக் கடைசிக்கு வைத்தால் கிழவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். முதலில் போட்டால் திருப்தியாகப் பார்த்துவிட்டுப் படுக்கப் போவார்கள், பெடியளுக்கு முற்றம் முழுக்கக் கிடைக்கும். இந்த வேலைக்கு அமெரிக்க ரெஸ்லிங்கில் ஒரு பெயர் இருக்கிறது, அதற்குப் பெரிய சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று பின்னாளில்தான் தெரிந்தது. 'புக்கிங்' என்கிறார்கள். செய்கிறவர் புக்கர். யார் யாரோடு மோதுவது, யார் வெல்வது, எந்த விதமாய் வெல்வது, எந்த மோதலைக் கடைசிக்கு வைப்பது என்றெல்லாம் தீர்மானிக்கிற ஆள்.

அந்தக் கடைக்கு லண்டனிலிருந்து ஒரு காஸற் வந்தது. 1987 மார்ச் 29 இல் அமெரிக்காவின் பொன்ரியாக் நகரத்து மைதானத்தில் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியா, டபிள்யூ.டபிள்யூ.எவ். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) நிறுவனத்தின் பெரிய ரெஸ்லிங் விழா. கடைசி மோதல் ஹல்க் ஹோகனுக்கும் ஆந்த்ரே என்ற இராட்சதனுக்கும். அன்று வந்த சனம் 93,173 என்று அறிவித்தார்கள். அது கூட்டிச் சொன்ன கணக்கு என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. காஸற் தேயத் தேய ஓட்டினோம். ஆந்த்ரேயை ஹோகன் தூக்கிப் போட்ட இடத்தில் முற்றத்தில் இருந்த பெடியள் எழும்பிக் கத்துவார்கள். பதினைந்து வருடமாக யாரும் தோற்கடிக்காத, யாரும் தூக்கிப் போடாத மனிதன் என்று வர்ணனையாளர் சொன்னதை நாங்கள் அப்படியே நம்பினோம்.

அது பொய். ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். 1980 இல் நியூயோர்க் ஷே மைதானத்தில் இதே ஹோகனே தூக்கிப் போட்டிருக்கிறார். அப்போது ஹோகன் கெட்டவன், ஆந்த்ரே நல்லவன். ஏழு வருடத்தில் ஆளை மாற்றி, பழைய கதையை அழித்து, புதுக் கதை எழுதிவிட்டார்கள். இதைப் பிறகு வாசித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருக்கவில்லை. அந்த மோதலைத் திரும்பப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

திரும்பப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. ஆந்த்ரே அன்று ஏறக்குறைய நடக்க முடியாத மனிதர். முதுகில் சத்திரசிகிச்சை செய்து, உடுப்புக்குள் பட்டி கட்டிக்கொண்டு ஏறியவர். மோதல் தொடங்கின கையோடு ஹோகன் அவரைத் தூக்கப் பார்க்கிறார். முடியாமல் அவருக்கு அடியிலேயே விழுகிறார். அந்த முதல் தோல்வி இல்லையென்றால் கடைசித் தூக்குக்குப் பெறுமதி இல்லை. கடைசியில் அந்தப் பெரிய உடம்பு மேலே போக வேண்டுமென்றால், போகிறவரும் சம்மதித்து ஒத்துழைக்க வேண்டும். ஆந்த்ரே சம்மதித்தார். அந்த இரவோடு ஹோகனின் பெயர் இன்னும் பெரிதானது. 1989 இல் டபிள்யூ.டபிள்யூ.எவ். நிறுவனமே நியூஜேர்சி மாநிலத்தில், அரசாங்கக் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காக, தாங்கள் நடத்துவது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. எங்கள் கடை வாங்கில் உண்மையோ பொய்யோ என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர் முருகன் கோயிலில் என்னைச் சூரன் காவ விட்டார்கள்.

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசியில் கந்தசஷ்டி. ஆறாம் நாள் பின்னேரம் கோயில் வெளிவீதியில் சூரன்போர். ஒரு பக்கம் கடா வாகனத்தில் முருகன், மறுபக்கம் ஆளுயரத்துக்கு மேலான மரச் சூரன். இரண்டையும் தோளில் காவுகிறவர்கள் ஊர்ப் பெடியள். சூரனுக்கு முதலில் ஆனைமுகம், பிறகு சிங்கமுகம், பிறகு சொந்த முகம். ஒவ்வொரு தலையாக விழும். பிறகு மாங்கொப்போடு வருவான். கடைசியில் சேவலும் மயிலும். அநேகமாக மழை பெய்து வீதி சேறாகியிருக்கும். தோளில் துவாயை மடித்து வைத்தாலும் மரம் அழுத்தி ஒரு கிழமைக்குத் தோல் கன்றிப்போய் இருக்கும்.

நான் முருகன் பக்கம் நிற்க ஆசைப்பட்டவன் என்பதை இத்தனை வருடத்துக்குப் பிறகு சொல்லலாம். அந்தப் பக்கத்தில் பூ விழும், அரோகரா விழும், பெண்கள் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடு எனக்கில்லை என்று தெரிந்தாலும், அந்தத் திசையில் நிற்பதற்கு ஒரு கொடுப்பினை வேண்டும் என்று நினைத்தேன். உயரமும் தோளும் இருந்ததால் என்னைச் சூரனுக்குப் போட்டார்கள். எங்களுக்குத் தலைவராக நின்ற அண்ணை ஒருவர், மேசன் வேலை செய்கிறவர், அதிகம் கதைக்காதவர். முதல் வருடம் அவர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தம்பியவை, கெதியா விழாதேங்கோ. கெதியா விழுந்தா அவருக்கு என்ன பெருமை? ஓடுறதுக்கு முன்னம் ஒருக்கா நில்லுங்கோ, சனம் உங்களைப் பாக்கட்டும். பின்வாங்கேக்கை முதுகு காட்டக் கூடாது, முகம் அவரைப் பாத்தபடியே இருக்கோணும். இன்னுமொண்டு. முருகனைப் பாத்து ஒருக்காப் பயப்பிடுங்கோ. ஒரேயொருக்காத்தான். ரெண்டாந்தரம் பயந்தா சூரன் கோழையெண்டு ஆகிப்போகும்."

அந்த ஒரேயொரு பயத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் அண்ணையின் கெட்டித்தனம். சிங்கமுகம் விழுந்து, சொந்த முகத்தோடு சூரன் முதல் தரம் வரும்போது, வீதியின் பாதித் தூரத்தில் சடாரென்று நிற்பாட்டுவார். மேலே நிற்கிறவர் தலையை மெல்லத் திருப்புவார். மேளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சூரன் மூன்று அடி பின்னுக்கு வைப்பான். அவ்வளவுதான். அந்த மூன்று அடிக்கு வீதியே அரோகரா என்று கத்தும். கத்துவது முருகனுக்கு. அதை எடுத்துக் கொடுத்தது சூரன் காவின தோள்கள்.

நான் அப்போது கடையில் ஆந்த்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்த மூன்று அடி வைக்கும்போது எனக்குப் பொன்ரியாக் மைதானம் விளங்கியது. ரெஸ்லிங் உலகில் கெட்டவனை 'ஹீல்' என்கிறார்கள். நல்லவனை விடக் கெட்டவன்தான் ஆட்டத்தை நடத்திச் செல்பவன் என்பது அங்கே பலகாலத்து நம்பிக்கை. எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நல்லவனை விழுத்துவது, எப்போது அவனுக்கு இடம் விடுவது என்று பார்ப்பது ஹீலின் வேலை. எங்கள் மேசன் அண்ணை பொன்ரியாக்கைக் கேள்விப்பட்டவர் அல்ல. அவர் கேட்டு வளர்ந்தது புராணபடிப்பு.

யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் என்று சொன்னவர் பண்டிதமணி சி.கணபதிப்பிள்ளை. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொல்ல, கோயில் மண்டபத்தில் நாள்கணக்காக நடக்கும். கச்சியப்ப சிவாச்சாரியார் அந்தக் கதையை எப்படி அடுக்கியிருக்கிறார் என்று ஒரு புக்கரின் கண்ணோடு பாருங்கள். முருகன் பிறந்து, சூரனின் தம்பி தாரகனையும் கிரவுஞ்ச மலையையும் அழித்தவுடன் சூரனிடம் போய்விடவில்லை. நடுவில் அசுர காண்டத்தில் சூரனின் தவமும் வரமும்: 1008 அண்டங்களை 108 யுகம் ஆளுகிற வரம். மகேந்திர காண்டத்தில் முருகனின் தளபதி வீரவாகு தூது போய் அவன் நகரத்தின் பெருமையைக் கண்ணால் காண்கிறார். யுத்த காண்டத்தில் மகன் பானுகோபன் மாயப் படையால் வீரவாகுவையும் சேனையையும் மயக்கிக் கடலில் போடுகிறான். வேல் போய் மீட்க வேண்டியிருக்கிறது. தேவர்களை விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொல்லிய சிங்கமுகன், அண்ணன் கேளாதபோது அவனுக்காகவே போய்ச் சாகிறான். கடைசி மோதல் வரும்போது கேட்கிறவனுக்குச் சூரனைப் பற்றித் தெரியாதது ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சூரனே முருகனின் பேருருவத்தைக் கண்டு ஒரு கணம் வியந்து நின்றுவிட்டுத்தான் மறுபடி வாள் எடுக்கிறான். மேசன் அண்ணையின் மூன்று அடி அங்கிருந்து வந்தது. தோற்ற பிறகும் அவனைத் தூக்கி எறியவில்லை: பாதி மயிலாகி வாகனம், பாதி சேவலாகிக் கொடி. காலம் முழுக்க நிரந்தர வேலை.

புராணத்தை விட்டு மல்யுத்தத்துக்கு வந்தால், எங்கள் அப்பாமாரின் காலத்தில் தாராசிங் - கிங்கொங் சண்டை என்பது பேச்சு வழக்கிலேயே இருந்தது. இரண்டு தடியன்கள் மல்லுக்கட்டினால் 'தாராசிங்கும் கிங்கொங்கும் போல' என்பார்கள். பஞ்சாபில் 1928 இல் பிறந்த தாராசிங், நாற்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் போய் மல்யுத்தத்தில் பேர் எடுத்தவர். கிங்கொங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா. கிழக்கு ஐரோப்பாவில் பிறந்து, ஆசியா முழுக்கச் சுற்றிச் சண்டை பிடித்து, சிங்கப்பூரில் குடியிருந்து, 1970 இல் அங்கேயே இறந்தவர். மலைபோல் உடம்பு, தாடி, உறுமல். அந்த மலையைத் தலைக்கு மேல் தூக்கியவர் என்பதால்தான் தாராசிங் தாராசிங் ஆனார். பின்னாளில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அவரை அனுமனாக்கியபோது பார்த்தவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. கிங்கொங் மெலிந்த மனிதராக இருந்திருந்தால், அல்லது விழ மறுத்திருந்தால், அந்தத் தோளை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

தோற்கடிப்பவனை விடத் தோற்றவன் பெரிய ஆளாகி வெளியேறிய இரவும் உண்டு. 1997 மார்ச்சில் சிக்காகோப் பக்கத்தில் நடந்த ரெஸில்மேனியாவில் பிறெற் ஹார்ட் நல்லவர், ஸ்டீவ் ஒஸ்ரின் கெட்டவர். பிறெற் காலைப் பூட்டிப் பிடிக்க, ஒஸ்ரின் முகம் முழுக்க இரத்தத்தோடு கத்துகிறார். ஆனால் 'விடு' என்று சொல்லவில்லை. மயங்கிப் போனார். நடுவர் நிறுத்தினார். கணக்கில் பிறெற் வென்றார். விழுந்தவனை அவர் பிறகும் அடித்தபோது சனம் அவரைத் திட்டியது. நொண்டிக்கொண்டு தனியே நடந்து போன ஒஸ்ரினுக்குத்தான் கைதட்டல். அடுத்த சில வருடங்களுக்கு அந்தத் தொழிலின் பெரும் பெயர் அவர்தான். ஒரே ஆட்டத்தில் நல்லவன் கெட்டவனாகவும் கெட்டவன் நல்லவனாகவும் இடம் மாறும்படி எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் சனத்தின் மனம் ஏற்கெனவே ஒஸ்ரின் பக்கம் சாயத் தொடங்கியிருந்ததை அவர்கள் கவனித்திருந்தார்கள். அதுதான் பெரிய கெட்டித்தனம்.

சனத்தை மீறி எழுதவே முடியாத இரவு 2002 மார்ச் 17. ரொறொன்ரோவின் ஸ்கைடோம் மைதானத்தில் 68,237 பேர். ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சான் அதில் ஒருவன். அந்த வருடம் ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன் பெட்டிக்குள் சொக்கிலேற்றோடு அந்தக் காஸற்றையும் கொண்டுவந்தான். றொக் என்ற இளம் நாயகனுக்கும், அப்போது கெட்டவனாகத் திரும்பி வந்திருந்த கிழட்டு ஹோகனுக்கும் மோதல். சனம் றொக்கைக் கொண்டாட வேண்டும் என்பது எழுத்து. சனமோ ஹோகனைக் கண்டதும் எழும்பிவிட்டது. றொக் அடித்தால் கூச்சல், ஹோகன் அடித்தால் ஆரவாரம். இரண்டு பேரும் மேடையிலேயே அதை உணர்ந்து தங்கள் ஆட்டத்தை மாற்றினார்கள். எழுதினபடி றொக் வென்றார். ஆனால் அன்றைய முடிவில் ஹோகன் மறுபடி நல்லவன்.

"மச்சான், நாங்கள் என்னத்துக்குக் கத்தினனாங்கள் எண்டு எங்களுக்கே தெரியாது. சின்னனிலை நீ போட்டுக் காட்டின காஸற் ஞாபகம் வந்திட்டுது," என்றான் அவன்.

சனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். 1995 இல் கந்தசஷ்டி ஒக்டோபர் கடைசியில் வந்தது. யுத்தத்தால் வலிகாமம் முழுக்க வீட்டைவிட்டு எழும்பி நடந்த அதே நாள்கள். எங்கள் கோயிலில் அந்த வருடம் சூரன் வெளிவீதிக்கு வரவில்லை. உள்வீதியில், ஐயரும் பத்துப் பன்னிரண்டு பேரும் நிற்க, கிரியையாகச் செய்து முடித்தார்கள். தலைகள் முறைப்படி விழுந்தன. மேசன் அண்ணை சூரனை எங்கேயும் நிற்பாட்டவில்லை. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் யாருக்காகப் பயப்படுவது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

எழுத்துப் பிழைத்துப் போனதற்கும் இரண்டு கதை சொல்கிறேன். கோல்ட்பேர்க் என்பவரை 173 மோதல்களில் தொடர்ந்து வென்றவர் என்று டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் வளர்த்தது. 1998 ஜூலையில் அற்லாண்டாவின் பெரிய மைதானத்தில் ஹோகனை வென்று பட்டமும் எடுத்தார். டிசம்பரில் கெவின் நாஷ், கூட்டாளியின் மின்கருவி உதவியோடு அவரைத் தோற்கடித்தார். தோற்றது பிழையில்லை; என்றைக்கோ ஒருநாள் யாரிடமோ தோற்கத்தான் வேண்டும். அந்தத் தோல்வியால் புதிதாக ஒருவன் எழும்பியிருக்க வேண்டும். நடந்தது என்ன? எட்டு நாள் கழித்து நாஷ், ஹோகனின் விரல் நெஞ்சில் பட்டதும் பொத்தென்று தானாக விழுந்து பட்டத்தைக் கொடுத்துவிட்டார். 173 வெற்றியில் சேர்த்த மதிப்பை ஒரு விரலில் செலவழித்தார்கள். 2001 மார்ச்சில் அந்த நிறுவனத்தையே எதிராளியான டபிள்யூ.டபிள்யூ.எவ். வாங்கிவிட்டது.

மற்றது நம்முடைய பக்கத்துக் கதை. கனடாவில் பிறந்த பஞ்சாபிக்காரர் ஜிந்தர் மஹால். தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தவர். 2017 மே மாதம் திடீரென்று ரண்டி ஓர்ட்டனை வென்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. பட்டம் எடுத்தார். இந்தியச் சந்தையைக் குறிவைத்த முடிவு என்று பரவலாக எழுதினார்கள். எங்கள் நிறத்தில் ஒரு சம்பியன் என்று எனக்கும் புளுகம்தான். நவம்பரில் பட்டம் போனது. டிசம்பரில் டில்லியில் இரண்டு நாள் நடத்த இருந்த நிகழ்ச்சி ஒரு நாளாகச் சுருங்கியது. அந்த ஒரு நாளிலும் பூர்வீக மண்ணின் சனத்துக்கு முன்னால் ட்ரிபிள் எச் அவரை வென்றார். மஹாலின் உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஏறிய வழியில் தாரகனும் இல்லை, பானுகோபனும் இல்லை. நேற்றுவரை எல்லோரிடமும் தோற்றவனை இன்று காலை சூரனை வெல்ல விட்டால் சனம் கும்பிடாது. ஒரே ஊர், ஒரே நிறம் என்ற பெயரால் முதல் ரிக்கற்றை விற்கலாம். அடுத்த ரிக்கற்றை விற்க அவன் யாரைத் தாண்டி வந்தான் என்ற கதை வேண்டும்.

இனி என் கதை.

வீடியோக் கடை மூடின பிறகு நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து பந்தல், கதிரை, ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிற தொழில் தொடங்கினோம். கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டி, கோயில் திருவிழா. கூட்டாளி சிரித்த முகம். வாய் நிறையக் கதைப்பார், எந்த வீட்டுக் குழந்தையின் பெயரும் அவருக்குத் தெரியும். எனக்கு அந்த முகம் இல்லை. அதனால் எழுதாமலேயே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. விலை சொல்கிறவன் நான். முற்பணம் கேட்கிறவன் நான். விழா முடிந்த மறுநாள் உடைந்த கதிரையை எண்ணி, அதற்கும் காசு கேட்கிறவன் நான். வீட்டுக்காரர் முகம் சுளிக்கிற நேரம் கூட்டாளி உள்ளே வருவார். "சரி சரி, உந்தாள் அப்பிடித்தான். நீங்கள் இவ்வளவைத் தாங்கோ" என்று குறைப்பார். அந்தக் குறைத்த விலைதான் நாங்கள் முதலிலேயே கணக்குப் போட்ட விலை.

"அவர் தங்கமான மனுசன். மற்றது சரியான கஞ்சப்பயல்" என்று ஊர் சொன்னது. கலியாண அழைப்பிதழ் அவர் பெயருக்கு வரும்; என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள். ஓம், எனக்கு எரிச்சல் இருந்தது. எத்தனையோ வருடம் இருந்தது. அவர் வெள்ளை வேட்டியோடு மணவறைக்கு முன்னால் நின்று படம் எடுக்கும்போது, நான் பின்னுக்கு வயர் சுற்றிக்கொண்டு அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். கோயிலில் சூரன் காவிக்கொண்டே, ஒரு வருடமாவது சூரன் வென்றால் என்ன என்று நினைத்ததும் உண்டு. கோயில் சபையில் இருக்கிறவன் சொல்லக் கூடாத வார்த்தை இது. இருந்தாலும் நினைத்தேன்.

அந்த எரிச்சலைத் தணித்தது யாருடைய ஆறுதலும் அல்ல, எங்கள் கணக்குப் புத்தகம். எங்கள் வட்டாரத்தில் அதே தொழிலில் இருந்தவர்கள் சிலர் எல்லோரும் நல்லவர்களாகவே நின்று, கேட்ட விலைக்கெல்லாம் இறங்கிக் கடனில் மூழ்கினார்கள். வேறு சிலர் எல்லோரும் கடுமையாகவே நின்று வாடிக்கையை இழந்தார்கள். எங்களுக்கு இரண்டு முகம் இருந்தது. அவருடைய நல்ல பெயர் என் கடுமையின் மேல் நின்றது என்பதை அவரும் அறிந்திருந்தார். மாதக் கடைசியில் இலாபத்தைப் பிரிக்கும்போது ஒரு சதமும் கூடக் குறையாமல் சரிபாதி வைப்பார். ஒருமுறை கூட அதில் அவர் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை.

அவர் பிள்ளைகளோடு கனடா போனபோது தொழிலுக்குள் அவருடைய மருமகன் வந்தான். என் பிள்ளைகள் போனில் சொன்னார்கள்: "அப்பா, இனியாவது நீங்கள் நல்லவரா இருங்கோவன். ஊரிலை நல்ல பேரோடை இருக்கிற வயசு." எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் பெடியனை யாருக்கும் தெரியாது. தெரியாத முகத்தைச் சனம் நம்புவதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரியும். நான் சூரன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

விலையை முன்னரை விடக் கடுமையாகச் சொன்னேன். முதல் சில விழாக்களில் அவன் சொல்லியும் நான் இறங்கவில்லை. தூக்கப் பார்த்துத் தூக்க முடியாமல் போன ஹோகனைப் போல அவன் வெளிறிப்போய் நின்றான். வீட்டுக்காரருக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. பிறகு ஒரு கோயில் திருவிழா. உபயகாரர் எல்லோரும் கூடி நிற்கிறார்கள். பெடியன் சொன்னான்: "அங்கிள், இது கோயில் காரியம். இவ்வளவும் குறைக்கத்தான் வேணும்." நான் அவனைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்தேன். "சரி, நீ சொன்னபடி செய்" என்று தள்ளி நின்றேன். என்னை யாரும் அப்படி இறங்கி இதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த திருவிழாவுக்கு அவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். இப்போது கடையை ஊர் அவன் பெயரால்தான் அழைக்கிறது. மேசன் அண்ணை சொன்னபடி ஒரேயொருக்காத்தான் பின்வாங்கினேன். இடம் பார்த்துப் பின்வாங்கினேன்.

இதைத் தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு ஒழுங்காக வருவதால்தான் இதை மனநிறைவோடு செய்ய முடிகிறது. தோற்றுக்கொடுக்கிறவனுக்குக் கூலி ஒழுங்காகக் கொடுக்காத இடத்தில் அவன் ஒருநாள் விழ மறுப்பான், அல்லது நாஷைப் போல விரல் பட்டதும் விழுந்து எல்லாவற்றையும் கேலியாக்கிவிடுவான். 1993 இல் ஆந்த்ரே இறந்த பிறகு டபிள்யூ.டபிள்யூ.எவ். நிறுவனம் தனக்கென்று ஒரு புகழ் மண்டபம் தொடங்கியது. அந்த வருடம் அதில் சேர்த்தது ஒரே ஒரு பெயரை. அது ஹோகனின் பெயர் அல்ல, ஆந்த்ரேயின் பெயர்.

கோயில் சபையிலோ, விளையாட்டுக் கழகத்திலோ, கடையிலோ ஒருவரை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நட்சத்திரத்தைத் தேடுவதற்கு முன் அவனுக்கு ஏற்ற எதிராளியைத் தேடுங்கள். அந்த எதிராளிக்கு விழத் தெரிந்திருக்க வேண்டும். விழுகிறவனுக்கு, வெல்கிறவனுக்குக் கொடுக்கிற அதே கூலியைக் கொடுங்கள்.